ஒரு மாத்திரைக்குள் எத்தனை மருந்து?

கேரளத்தில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது இந்தியா முழுமைக்குமான நீரிழிவு விகிதம் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. கேரளத்தில் 25.5. கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே அதற்கு மேலே நின்றன. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2016-17இல், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் அச்சுத மேனன் மையம் 14 மாவட்டங்களிலும் 12,012 பேரைப் பரிசோதித்திருந்தது. சர்க்கரை கூடியிருந்தவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 15.3 சதவீதத்தினருக்கு மட்டும். படிப்பறிவும் ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் இவ்வளவு நிறைந்த மாநிலத்தில், ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது என்று சொல்லலாம்.

நோயே வராமல் தடுக்கும் முயற்சியும் இங்கே நடந்தது. நெய்யாற்றின்கரை தாலூகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து, உணவு, நடை, குழுக் கூட்டம் என்று இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்ற குழுவில் 14.9 சதவீதம் பேருக்கும் பெறாத குழுவில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வித்தியாசம் புள்ளியியல் அளவுகோலில் தேறவில்லை. ஆக, தடுப்பு தேவைதான், ஆனால் மாத்திரையின் காலம் முடியப் போவதில்லை. இன்று அந்த மாத்திரை பெரும்பாலும் தனி மாத்திரையாகவும் இருப்பதில்லை. ஒன்றுக்குள் இரண்டு, மூன்று மருந்துகள் அடைத்த கூட்டு மாத்திரையாகத்தான் கைக்கு வருகிறது.

கூட்டு மாத்திரை கெட்டதா? இல்லை. அதன் உள்ளே இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாகச் சோதித்து அறியப்பட்டவை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிடுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. தெரியாததால், எந்த நாளில் எதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிவதில்லை.

கூட்டு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் தரவுகள் 1990களின் கடைசியில் வெளிவந்தன. ஒரே மருந்தை நம்பியவர்களில் மூன்று ஆண்டுகளில் பாதிப் பேரும், ஒன்பது ஆண்டுகளில் நாலில் மூன்று பேரும் இலக்கை எட்ட முடியாமல் போனார்கள். கணையத்தின் பீட்டா செல்கள் ஆண்டுக்கு ஆண்டு சோர்ந்துபோவதுதான் காரணம். நோயாளி ஒழுங்காக இருந்தாலும் நோய் முன்னேறும். 2019இல் வெளியான வெரிஃபை ஆய்வு இன்னொரு படி போனது. மெட்ஃபார்மின் தோற்ற பிறகு வில்டாகிளிப்டினைச் சேர்ப்பதா, முதல் நாளிலேயே இரண்டையும் தொடங்குவதா என்று ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். முதலிலேயே இரண்டையும் தொடங்கியவர்களில் 43.6 சதவீதம் பேருக்கும், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 62.1 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. ஈரல் சர்க்கரையை வெளியிடுவதை மெட்ஃபார்மின் அடக்குகிறது. கிளிமிப்ரைட் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் வகையறா குடல் ஹார்மோன் வழியாக வேலை செய்கிறது. டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகின்றன. வழிகள் வேறு வேறு என்பதால் சேர்த்துக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. நாலு மாத்திரையை இரண்டாகக் குறைத்தால் மறக்காமல் சாப்பிடுவார்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால் இந்தியாவில் கூட்டு மாத்திரைகள் பெருகியது இந்த அறிவியலை மட்டும் நம்பி அல்ல. புதிய கூட்டு மருந்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். பல ஆண்டுகளாக நிறுவனங்கள் மாநில உரிமம் மட்டும் வாங்கிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டன. 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 59ஆவது அறிக்கையில் இதைக் கடுமையாகச் சாடியது. 2016 மார்ச் 10 அன்று மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை ஒரே அறிவிப்பில் தடை செய்தது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின, டிசம்பரில் தடை ரத்தானது. உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் விஷயத்தை மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்திடம் அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மறுபடியும் தடையாயின. கிளிமிப்ரைட், பயோகிளிட்டசோன், மெட்ஃபார்மின் மூன்றும் சேர்ந்த சில அளவுகள் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு பொதுச் சுகாதார ஆய்வாளர் அலிசன் பொல்லாக் இடம்பெற்ற ஓர் ஆய்வுக் குழு, இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து மெட்ஃபார்மின் கூட்டுகளை எடுத்து, அவற்றுக்கு ஆதாரமான சோதனைகளைத் தேடிப் பார்த்தது. போதுமான ஆதாரம் எதற்கும் கிடைக்கவில்லை என்று எழுதியது. 2025 ஏப்ரலிலும் அனுமதி பெறாத 35 கூட்டுகளை நிறுத்தும்படி மத்திய அமைப்பு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சர்க்கரை மருந்துகளும் அதில் உண்டு.

தனி மருந்துகளின் வரலாறும் இங்கே எச்சரிக்கையாகவே இருக்கிறது. லாக்டிக் அமிலம் ரத்தத்தில் தேங்கும் ஆபத்துக்காக அமெரிக்கா 1977இல் கைவிட்ட ஃபென்ஃபார்மினை இந்தியா 2003இல்தான் தடை செய்தது. ரோசிகிளிட்டசோன் 2010இல் போனது. பயோகிளிட்டசோன் 2013 ஜூனில் நிறுத்தப்பட்டது, ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பி வந்தது. தனி மாத்திரையாக இருக்கும்போது ஒரு மருந்து தடையானால் அதை எடுத்து வைத்துவிடலாம். கூட்டுக்குள் இருந்தால் அது வீட்டில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

மருந்துக்கடையில் அட்டையை வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். நிறுவனப் பெயருக்குப் பின்னால் எம், ஜி, ஜி.பி., பி.ஜி., வி, எம்.வி., ட்ரையோ, ஃபோர்ட், எஸ்.ஆர். என்று எழுத்துகள் வரும். எம் என்றால் அநேகமாக மெட்ஃபார்மின். பி என்பது ஒரு நிறுவனத்துக்கு கிளிமிப்ரைடின் நடு எழுத்து, இன்னொரு நிறுவனத்துக்கு பயோகிளிட்டசோன். வி என்பது பல அட்டைகளில் வோக்லிபோஸ், ஆனால் வில்டாகிளிப்டினும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. 1, 2 என்று வரும் எண் கிளிமிப்ரைடின் மில்லிகிராம். ஃபோர்ட் என்ற சொல் வந்தால் மெட்ஃபார்மின் 500இலிருந்து 1000க்குத் தாவியிருக்கலாம். கடைக்காரர் அவசரத்தில் ‘அதேதான், ஃபோர்ட்தான் ஸ்டாக் இருக்கு’ என்று கொடுத்தால், நோயாளியின் அன்றாட மெட்ஃபார்மின் இரட்டிப்பாகிறது. மூலப்பெயர் நிறுவனப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. மூன்றும் அதற்கு மேலும் மருந்துகள் சேர்ந்த கூட்டுகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். அச்சடிக்க இடம் போதாது என்று காரணம் சொல்லலாம். ஆனால் படிக்கத் தெரிய வேண்டிய அட்டை எதுவோ அதற்குத்தான் விலக்கு என்பது எனக்கு இன்றுவரை புரியாத நியாயம்.

எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் மருந்து மெதுவாகக் கரையும்படி செய்தது என்று பொருள். அதை உடைத்தோ கடித்தோ சாப்பிடக் கூடாது. இரண்டு நிறம் ஒட்டிய மாத்திரைகளில் ஒரு பக்கம் மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின், மறுபக்கம் உடனே கரையும் கிளிமிப்ரைட். டாக்டர் அளவைக் குறைக்கச் சொன்னார் என்று பிளேடால் பாதியாக்கினால் மெதுவாக இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கும். சிலருக்கு மெட்ஃபார்மினின் வெற்றுக் கூடு மலத்தில் வெளியேறும். மருந்து ஜீரணமாகவில்லை என்று பயந்து இன்னொன்று போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

இனி தமிழ்நாடு-கேரள எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. கோடு மாறினாலும் நோயாளிகளின் வழி மாறவில்லை. களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை வழியாக, 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் அதைச் சுற்றியுள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களின் வாழ்க்கைமுறை நோய் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது.

உதாரணத்துக்கு, மார்த்தாண்டம் பக்கம் வசிக்கும் ஓர் அம்மாவை வைத்துக்கொள்வோம். சுகாதாரத் தன்னார்வலர் தந்த மெட்ஃபார்மினைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். கால் எரிச்சலுக்காக மகன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வருகிறார். ‘சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேன்’ என்கிறார் அம்மா. பெயர் தெரியாது, அட்டையும் கொண்டுவரவில்லை. டாக்டர் மெட்ஃபார்மின், கிளிமிப்ரைட், சிட்டாகிளிப்டின் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதுகிறார். வீட்டுக்குப் போனதும் பழையதை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. புது மாத்திரை பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை, பழையது கவர்மென்ட் மாத்திரை, இரண்டும் வேறு வேறு என்று அவர் நினைக்கிறார். நிறமும் அளவும் வேறாகத்தான் இருக்கின்றன. இரண்டிலும் மெட்ஃபார்மின் இருப்பது யார் கண்ணிலும் படாது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது கூட்டு மாத்திரைகளோடு ஒட்டிப் பிறந்த பிழை. மெட்ஃபார்மினில் அது வயிற்றுப்போக்கோடு நிற்கலாம். கிளிமிப்ரைடில் நிற்காது.

சர்க்கரை இறங்கிப்போவதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். வாய்வழி மருந்துகளில் உடனடியாக உயிருக்கு ஆபத்து தரக்கூடியது அதுதான், அதற்கு முக்கியக் காரணம் கிளிமிப்ரைட், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் சேர்ந்த சல்ஃபோனைல்யூரியா குடும்பம். கரோலினா ஆய்வில் கிளிமிப்ரைட் எடுத்தவர்களில் 37.7 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இறங்கியது, லினாகிளிப்டின் எடுத்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு. இதயத்துக்கான பாதுகாப்பில் இரண்டும் சமம். ஆகவே கிளிமிப்ரைட் விஷமல்ல. மலிவானது, சக்தி வாய்ந்தது. சாப்பாட்டு நேரம் தவறினால் மட்டும் மன்னிக்காது. கிளிபென்கிளமைட் இன்னும் மோசம், அதன் எச்சங்கள் சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் தங்கிவிடும். அறுபது தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறித்தது. பழைய கூட்டு மாத்திரைகளில் அது இன்னும் ஒளிந்திருக்கிறது.

சாப்பாடு தவறுவது திருவனந்தபுரத்தில் எப்படியெல்லாம் நடக்கும்? வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்காக நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடிப்பவர், வழக்கப்படி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ரத்தம் கொடுத்து, ஓ.பி. வரிசையில் நின்று, ஒன்பதரை பத்துக்கு இட்லி பார்ப்பதற்குள் கிளிமிப்ரைட் உச்சத்தில் இருக்கும். பரிசோதனை நாளில் அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட உட்காரும்போது போடுவதே முறை. பீமாபள்ளி, பூந்துறை பக்கம் ரமலான் நோன்பு இருப்பவர்கள் காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது பற்றி நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும். மாசி மாதத்தில் ஆற்றுகால் பொங்கல். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்த திருவிழா. நகரத்தின் தெருவெங்கும் செங்கல் அடுப்பு, புகை, வெயில். காலையில் அடுப்பு மூட்டி, பிற்பகலில் நிவேத்தியம் முடியும்வரை விரதம். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் கண்டிப்பாக ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கூட்டு மாத்திரையில் கிளிமிப்ரைட் இருந்தால் மயக்கம், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் நீரிழப்பு, இரண்டும் இருந்தால் இரண்டும். மயங்கி விழுந்தால் ‘வெயிலுக்கு வந்த மயக்கம்’ என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கத் தோன்றாது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் இருந்தால், மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால், 15 முதல் 20 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாதது வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த கூட்டுகளின் சங்கதி. இவை குடலில் மாவுச்சத்தையும் சாதாரணச் சர்க்கரையையும் உடைக்கும் நொதியைத் தடுப்பவை. ஆகவே இவற்றைச் சாப்பிட்டவருக்குச் சீனியோ வெல்லமோ பாயசமோ கொடுத்தால் ரத்தத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ்தான் வேண்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அட்டையில் வோக்லிபோஸ் என்று பார்த்தவர்கள் வீட்டில் ஒரு டப்பா வைத்துக்கொள்வது அவசியம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இன்னொன்று, கிளிமிப்ரைடால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டதென்று நம்பி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அதன் வேலை 24 மணி நேரம் ஓடும், இரவில் மறுபடி இறங்கும். வயதானவரை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பது டாக்டர் பணம் பிடுங்கும் வேலை அல்ல.

மருந்தோடு மருந்து மோதும் இடமும் இங்கேதான். சிறுநீரில் சர்க்கரையை விடும் மருந்துகளால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது சகஜம். வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் கடையில் கேட்டு ஃபுளுகோனசோல் வாங்குவார்கள். ஈரலில் கிளிமிப்ரைடை உடைக்கும் நொதியை ஃபுளுகோனசோல் முடக்குகிறது. ரத்தத்தில் கிளிமிப்ரைடின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஒரே கூட்டுச் சிகிச்சைக்குள் ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு வாங்கிய மருந்து, இன்னொரு மருந்தை ஆபத்தாக்குகிறது. லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் சர்க்கரையை இறக்கக்கூடியவை. மது இரண்டு வழியிலும் கெடுக்கும். கிளிமிப்ரைடோடு சேர்ந்தால் சர்க்கரையை இறக்கும், மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் லாக்டிக் அமிலத்தைத் தேக்கும்.

சிறுநீரகத்துக்கு வருவோம். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன சிறுநீரகத்தால் மெட்ஃபார்மினை வெளியேற்ற முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாத்திரையை நிறுத்துபவர்கள் ஒரு பக்கம், வடிகட்டும் திறன் 25க்கு வந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் மறுபக்கம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் வகுத்த கணக்கைத்தான் பெரும்பாலான டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது, 30க்கும் 45க்கும் இடையே புதிதாகத் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு அளவைப் பாதியாக்குவது வழக்கம். கூட்டு மாத்திரையில் இந்தப் பாதியாக்கலைச் செய்ய முடியாது. மெட்ஃபார்மினைக் குறைத்தால் கூடவே கிளிமிப்ரைடும் சிட்டாகிளிப்டினும் குறையும். ஒருவரை மட்டும் வெளியே அனுப்ப முடியாத கூட்டுக் குடும்பம் அது. சிட்டாகிளிப்டினுக்கும் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு மாற்ற வேண்டும், லினாகிளிப்டினுக்கு வேண்டாம். சிறுநீரகம் ஆட்டம் காணத் தொடங்கிய நாளிலிருந்து கூட்டைப் பிரித்துத் தனித்தனி மாத்திரைகளுக்குத் திரும்புவதே நல்லது. மாத்திரை எண்ணிக்கை கூடுகிறதே என்று நோயாளி முகம் சுளிப்பார்தான்.

மழைக்காலத்தில் இது அவசரமாகிறது. ஜூன் பிறந்தால் எலிக்காய்ச்சலும் டெங்குவும் தலைகாட்டுகின்றன. எலிக்காய்ச்சல் நேரே சிறுநீரகத்தைத் தாக்கும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாளில் மெட்ஃபார்மினையும், சிறுநீரில் சர்க்கரை விடும் மருந்தையும் நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். கிளிமிப்ரைடின் அளவை என்ன செய்வது என்று அப்போதே கேட்க வேண்டும். ‘மருந்தை ஒரு நாளும் விடாதே’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழக்கிய குடும்பத்தில் இந்த விதிவிலக்கைச் சொல்லிப் புரியவைப்பது லேசல்ல. இன்சுலின் போடுபவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் கேரளத்துக்கே உரிய ஒரு கதை உண்டு. மீன்குழம்புக்குப் போடும் இரும்பன் புளியைச் சாறாகப் பிழிந்து குடித்தால் கொழுப்பு குறையும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. அப்படிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி, மாநிலத்தின் ஐந்து ஆஸ்பத்திரிகளிலிருந்து தொகுத்து, 2013இல் இந்திய சிறுநீரகவியல் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. புளியிலிருந்த ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகக் குழாய்களை அடைத்திருந்தன. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கும் வீடுகளில் அந்தச் சாற்றோடு மெட்ஃபார்மினும் உள்ளே போயிருந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆயுர்வேதக் கஷாயமும் சித்த மருந்துச் சூரணமும் சாப்பிடுபவர்கள் அதை ஆங்கில மருந்து டாக்டரிடம் மறைக்கிறார்கள், திட்டுவார் என்ற பயத்தில். சர்க்கரையை நிஜமாகவே குறைக்கும் மூலிகை என்றால் கிளிமிப்ரைடோடு சேரும்போது இன்னும் அதிகமாகக் குறைக்கும். அது சொல்லப்பட வேண்டிய தகவல்.

ஆஞ்சியோகிராமுக்கோ சாயம் ஏற்றும் ஸ்கேனுக்கோ போகும்போது, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், மெட்ஃபார்மினை அன்று நிறுத்தி 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைச் சோதித்த பிறகே தொடர்வார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் டாபாகிளிஃப்ளோசினையும் எம்பாகிளிஃப்ளோசினையும் மூன்று நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும் என்று 2020இல் அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. காரணம் ஒரு விசித்திரமான ஆபத்து. பட்டினியிலும் நோயிலும் இந்த மருந்துகள் ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை ஏற்றக்கூடும், ஆனால் மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருக்கும், சர்க்கரை நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் ஏமாறுவார்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து நிபுணர் கேட்கும்போது ‘சுகர் மாத்திரை ஒண்ணு’ என்று மட்டும் சொன்னால், அந்த ஒன்றுக்குள் எம்பாகிளிஃப்ளோசின் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மெதுவாக வரும் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும். இதயம் பலவீனமானவருக்கு அது ஆகாது, பெண்களுக்கு எலும்பு முறிவு வாய்ப்பைக் கூட்டும். மூன்று மருந்துக் கூட்டில் அது இருப்பது தெரியாமல், கால் வீங்கினால் நீர் பிரியும் மாத்திரை ஒன்றைக் கூடுதலாக எழுதுவது நடக்கிறது. வில்டாகிளிப்டினுக்கு ஈரல் பரிசோதனை வேண்டும். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். கால் மரத்துப்போவதை ‘சுகர் நரம்பு’ என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் அந்த அளவைப் பார்ப்பது நல்லது. மரக்கறி மட்டும் உண்ணும் கரமனை, வலியசாலை அக்ரகாரத்து வீடுகளில் இது இன்னும் பொருந்தும்.

இத்தனைக்கும் தீர்வு பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. மருந்துச் சீட்டில் நிறுவனப் பெயருக்குக் கீழே உள்ளடக்கத்தை எழுதுவது, ஒவ்வொரு முறையும் பழைய மாத்திரையில் எதை நிறுத்துவது என்பதை எழுதுவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் பார்ப்பது. நெரிசலான ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் டாக்டரிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருக்கும் ஃபார்மசிஸ்டை இந்த வேலைக்குப் பயன்படுத்தினால் போதும். அவர் அதற்காகப் படித்தவர், இப்போது எண்ணிக் கொடுப்பவராக மட்டும் இருக்கிறார். மருந்தால் கெடுதல் நேர்ந்தால் நோயாளியே புகார் செய்ய மத்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

அடுத்த அலை ஏற்கெனவே கடைகளுக்கு வந்துவிட்டது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும், சிட்டாகிளிப்டினுடையது 2022இலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தன. ஒரு மாத்திரை அறுபது ரூபாய் பக்கம் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்து ஏழைக்கும் எட்டியது மகிழ்ச்சிதான். கூடவே எம்பாகிளிஃப்ளோசின், லினாகிளிப்டின், மெட்ஃபார்மின் என்று மூன்றும் சேர்ந்த மாத்திரைகள் டஜன் கணக்கான பெயர்களில் குவிகின்றன. மருந்து மாறும்போது பழைய அட்டை டப்பாவிலேயே கிடக்கிறது. மீந்த மருந்துகளை வீடுகளிலிருந்து திரும்ப வாங்கி முறையாக அழிக்கும் திட்டத்தைக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் சோதனையாகத் தொடங்கியது. சுற்றுச்சூழலுக்காக என்று அறிவித்த திட்டம்தான். ஆனால் நிறுத்திய கிளிமிப்ரைட் கூட்டும் புதிய கூட்டும் ஒரே டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் வீடுகளுக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும்.